கிருஷ்ணப்பிரியா வீட்டு நாற்காலிகள்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காட்டுப்பாக்கம் பூங்காவனத்தம்மாள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடங்களும் பின்வருமாறு. ஜன்னலோரம், மகன் லோகேஷ் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்ப்பதற்காக வாங்கிய சக்கரம் வைத்த சுழல் நாற்காலியில், அம்மாளின் அண்ணன் வீரராகவன். குத்தம்பாக்கத்தில் மனைத் தரகு செய்பவர், இருந்தவற்றில் அதுதான் உயரம் என்பதால் அதில் உட்கார்ந்தார். சோபாவின் வலது மூலையில் தெரு நலச் சங்கச் செயலாளர் சத்தியராஜ். இடது மூலையில் அவர் மனைவி, ஓய்வு பெற்ற ஆசிரியை ஜெயசீலி. இருவருக்கும் நடுவில் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிள் பழங்கள் நிறைந்த பை. வாசல் பக்கம், நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில், வீரராகவனின் பங்காளி ஹேமநாதன். பூங்காவனத்தம்மாள் சமையலறை நிலைப்படியருகே தரையில். லோகேஷ் உட்காரவில்லை, ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றான். யாரைப் பற்றிப் பேச இத்தனை பேரும் கூடினார்களோ அந்தக் கிருஷ்ணப்பிரியா, அம்மாளின் மூத்த மகள், உள்ளறைக் கட்டிலில் கதவு திறந்திருக்க உட்கார்ந்திருந்தாள். பேச்சு முடிந்து வந்தவர்கள் கிளம்பப் பார்த்தபோது, சோபாவிலும் நாற்காலிகளிலும் இருந்த நால்வராலும் எழுந்திருக்க முடியவில்லை. பசை இல்லை, ஆணி இல்லை, வலியும் இல்லை. கால் ஊன்றியது, கை பிடித்தது, இடுப்புக்குக் கீழே மட்டும் சம்மதம் வரவில்லை. அன்றைக்கு வானம் மேகமூட்டம். பூந்தமல்லி மார்க்கெட்டில் தக்காளி கிலோ நாற்பது ரூபாய்.

கிருஷ்ணப்பிரியா அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். லேத் எந்திரத்திலிருந்து இறங்கும் பாகங்களை வெர்னியர் அளவுகருவி வைத்து அளந்து, சரியானதைப் பச்சை டிரேயிலும் தவறானதைச் சிவப்பு டிரேயிலும் போடுவது அவள் பொறுப்பு. போன பங்குனியில் அவளுக்குத் தூக்கம் நின்றது. தூக்கம் போனதும் பேச்சு இரட்டித்தது, செலவு இரட்டித்தது, சந்தோஷம் அதற்கும் மேலே போனது. வெர்னியரோடு தெருவில் இறங்கி வீட்டுக்கு வீடு கேட் கம்பிகளை அளந்து, விடிந்தும் விடியாமலும் காலிங் பெல் அடித்து, "உங்க கேட்டு ரெண்டு மில்லி அவுட்டு, சிவப்பு டிரே" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். சத்தியராஜ் வீட்டு கேட்டுக்கு மட்டும் மூன்று தடவை சிவப்பு டிரே கிடைத்தது. செயலாளர் வீடு என்று பார்க்கவில்லை. சித்திரையில் அந்த வேகம் லிஃப்ட் அறுந்தது போல இறங்கியது. கட்டிலை விட்டு எழவே முடியவில்லை. பல் தேய்க்கப் போவது பழனிக்கு நடந்து போவது போலிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் இதற்கு பைபோலார் என்று பெயர் சொல்லி, சர்க்கரை மாதிரி, ரத்தக் கொதிப்பு மாதிரி வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய நோய்தான் என்று விளக்கி, சில வாரம் படுக்கையில் வைத்திருந்து மாத்திரையோடு அனுப்பினார். வீட்டார் தெருவுக்குச் சொன்ன பெயர் டைபாய்டு. டைபாய்டு வந்தவள் எதற்குக் கேட்டை அளந்தாள் என்று தெரு வாய்விட்டுக் கேட்கவில்லை. தனக்குள் வேறு பெயர்கள் வைத்துக்கொண்டது.

திரும்பி வந்தவளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வந்தது. கேள்வி கேட்டுப் பதில் வருவதற்குள் குக்கர் ஒரு விசில் அடித்துவிடும். ஒரு விசில் வரை காத்திருக்கும் வழக்கம் காட்டுப்பாக்கத்தில் யாருக்கும் கிடையாது. ஆகவே அவளைப் பற்றிய கேள்விகளை அவள் அம்மாவிடம் கேட்டார்கள். சாப்பிடறாளா, தூங்கறாளா, மாத்திரையெல்லாம் ஒழுங்கா முழுங்கறாளா, நம்மள அடையாளம் தெரியுதா என்று, எட்டடி தள்ளி உட்கார்ந்திருந்தவளின் தலைக்கு மேலாகவே விசாரித்தார்கள். இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. சாவு வீட்டுக்குப் போனால் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த முறை. அந்த முறையைக் கிருஷ்ணப்பிரியாவைப் பார்க்க வந்துபோகிறவர்களும் கடைப்பிடித்தார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. பழத்தை வைத்தார்கள், அம்மாளின் கையைப் பிடித்து உச்சுக்கொட்டினார்கள், முந்தானையை இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கினார்கள். ஒருவர் வாயிலும் போயிட்டு வர்றேன் என்ற வார்த்தை வரவில்லை. உயிரோடு இருக்கிற ஒரு பெண், வைகாசி முழுவதும், ஆனி முழுவதும், தன் துக்கத்துக்கு வந்துபோனவர்களைக் கட்டிலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் காரணம், கம்பெனியிலிருந்து வந்த கேள்வி. அவளுடைய இடத்தை அவர்கள் இதுவரை காலியாக வைத்திருந்தார்கள். ஆவணி பிறப்பதற்குள் வருகிறாளா இல்லையா என்று தெரிவிக்க வேண்டும். டாக்டரைக் கேட்டால், போகலாம், போனால் நல்லது என்றார். வீரராகவனுக்கு அதில் உடன்பாடில்லை.

"இன்னாத்துக்கு வேலைன்றேன்? பொம்பளப் புள்ள, பேசாம ஊட்ல கெடக்கட்டும். இல்லன்னா திருத்தணிப் பக்கம் ஒரு ஆசிரமம் கீது, நமக்குத் தெரிஞ்ச ஆளுதான். கொண்டுபோயி உட்டுட்டா அவன் பாத்துப்பான். கம்பெனிக்கு அவ வரமாட்டான்னு எழுதிப் போட்டுடலாம். சத்தியராஜ் சார் நல்லா எழுதுவாரு."

காலையில் எழுந்து நாலு ரவுண்டு நடந்தால் எல்லாம் பறந்துவிடும் என்றார் ஹேமநாதன். வேலையில் மனசை வைத்தால் இந்த மாதிரி நோயெல்லாம் வராது, முப்பது வருஷம் எட்டாம் வகுப்பு எடுத்த எனக்கு வந்ததா என்றார் ஜெயசீலி. வேலைக்கு அனுப்பக்கூடாது என்கிற கூட்டத்தில் இதைச் சொல்கிறோமே என்று அவருக்குத் தோன்றவில்லை. உள்ளறையிலிருந்து கிருஷ்ணப்பிரியா "நான் வேலைக்கு" என்று ஆரம்பித்தாள். மீதி வார்த்தை வந்து சேர்வதற்குள் பேச்சு குத்தம்பாக்கம் பஸ் நிலையத்தைச் சுற்றி மனை விலை ஏறியதற்குப் போய்விட்டது. முடிவெடுத்துவிட்ட திருப்தியில், வழக்கம்போல் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப எத்தனித்தார்கள். நாற்காலிகள் அனுப்பவில்லை.

முதலில் ஒவ்வொருவரும் தன் மூட்டுதான் மக்கர் செய்கிறது என்று நினைத்து அடுத்தவரிடம் மறைத்தார்கள். ஜெயசீலி கால்சியம் மாத்திரையை நிறுத்தியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். நால்வரும் ஒரே நேரத்தில் கையை ஊன்றி, எழ முடியாமல் ஒருவரையொருவர் பார்த்த பிறகுதான் விஷயம் பொதுவானது. "டேய் லோகேஷ், சோபால இன்னாடா பூசி வெச்ச?" என்று வீரராகவன் கத்தினார். லோகேஷ் ஒவ்வொருவரையும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தான். சத்தியராஜைத் தூக்கினால் சோபாவும் அதன் மறுமூலையில் ஜெயசீலியும் சேர்ந்து எழுந்தார்கள். நிலைப்படியருகே இருந்த பூங்காவனத்தம்மாள் தாராளமாக எழுந்து நடமாடினார். தரைக்கு அந்தக் குணம் இல்லை. அவர் கூடுதலாக நாலு பேருக்கு உலை வைத்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் கேட்டது. லாரி வரும்போது செயலாளர் பக்கத்தில் நிற்காவிட்டால் முதல் மூன்று வீட்டுத் தொட்டியோடு தண்ணீர் முடிந்துவிடும் என்பது அந்தத் தெருவின் அனுபவம். சத்தியராஜ் தவித்துப்போனார். அம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், லோகேஷ் தச்சரைத் தேடிப் போயிருந்தான், ஜெயசீலி போனில் இருந்தார், வீரராகவன் கண்ணை மூடியிருந்தார். சத்தியராஜின் கண்ணுக்குக் கிடைத்த ஒரே முகம் உள்ளறையில் அவரையே பார்த்துக்கொண்டிருந்த முகம்.

"ஏம்மா கிருஷ்ணப்பிரியா, லாரி வந்துட்ச்சும்மா. நான் போயிட்டு வரட்டா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வேறு வழி இல்லாததால் காத்திருந்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும். ஒரு விசில் நேரம் கழிந்தது. "போயிட்டு வாங்கண்ணே" என்றாள். சத்தியராஜ் எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். "என்னை உட்டுட்டு எங்க போறீங்க?" என்று ஜெயசீலி கூப்பிட்டது தெருமுனை வரை கேட்டது.

மீதி மூவரும் இதை ஆராய்ந்து, லாரி ஹாரன்தான் பிடியை விடுவித்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். மறுநாள் சத்தியராஜ் சொல்லி, லாரி டிரைவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கை ஓயும்வரை ஹாரன் அடித்தார். தெருநாய்கள் ஊளையிட்டன, எதிர்வீட்டுக் குழந்தை தொட்டிலில் எழுந்து அழுதது, பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தூண் அருகே போனவர்கள்கூட ஒதுங்கி வழிவிட்டார்கள். கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. ஜெயசீலிதான், வாத்தியார் புத்தி, கணவர் என்ன செய்தார் என்பதை முதலிலிருந்து வரிசையாக நினைத்துப் பார்த்தார். பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பி, "கிருஷ்ணப்பிரியா, போயிட்டு வர்றேம்மா" என்று படபடவென்று சொல்லி எழுந்தார். சோபா இழுத்து உட்காரவைத்தது. மறுபடி சொன்னார். இந்தத் தடவை காத்திருந்தார். காத்திருந்த நேரத்தில் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். உதடு முதலில் அசைந்ததையும் வார்த்தை பின்னால் வந்ததையும், இரண்டுக்கும் நடுவில் அவள் படும் பாட்டையும் பார்த்தார். "போயிட்டு வாங்க டீச்சர். ஆப்பிளு வேணாம். நாக்குக்குப் பிடிக்கல. நாரத்தங்கா ஊறுகா இருந்தா குடுங்க" என்றாள். அவ்வளவு நீளமான வாக்கியம் அவளிடம் இருந்ததே அந்தத் தெருவுக்குத் தெரியாது. ஜெயசீலி எழுந்து போய் ஊறுகாய் ஜாடியோடு திரும்பி வந்தார், உட்காரவில்லை.

ஹேமநாதன் ஞாயிற்றுக்கிழமை மாலையே, இந்த வீட்டுச் சகவாசமே வேண்டாம் என்று நாற்காலியோடு கிளம்பிவிட்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலி இலேசானது, பின்னால் ஆமை ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டு போனது. ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொள்ள மறுத்தார்கள். பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினார். கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு போன ஒரே ஆள் அவர்தான். கண்டக்டர் நாற்காலிக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். அந்த நாற்காலியோடு ஒரு கோயில் அன்னதானத்துக்கும் போய், பந்தியில் தனி மரியாதை என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்தார். கவிழ்ந்தே படுக்க வேண்டியிருந்ததால் வீட்டில் மனைவி ஆட்சேபித்தார். சத்தியராஜிடம் வழிமுறையைக் கேட்டு, கிருஷ்ணப்பிரியாவின் நம்பருக்குப் போன் போட்டு, "யம்மா, நான் அன்னிக்கி சொல்லாமகொள்ளாம வந்துட்டேன். போயிட்டு வர்றேம்மா" என்றார். சிக்னல் போய்விட்டது என்று கட் செய்யப் போனவரின் கையை மனைவி பிடித்துக்கொண்டார். பதில் வந்தது, நாற்காலி விழுந்தது. போனில் சொன்னாலும் செல்லும் என்பது இவ்வாறு தெரியவந்தது. நாற்காலியைத் துடைத்துத் திருப்பி அனுப்பினார்.

வீரராகவனுக்கு எல்லாரும் வழியைச் சொன்னார்கள். அவர் கேட்டுவிட்டு மீசையை நீவினார். "தாய்மாமன்டா நானு. அவ காது குத்துக்கு மடில உக்கார வெச்சவன். அவளாண்ட உத்தரவு கேட்டுக்கினு நான் எழுந்துக்கணுமா? அதுக்கு இந்த நாற்காலியிலயே கெடந்துட்டுப் போறேன்." அப்படியே கிடந்தார். சக்கரம் இருந்ததால் லோகேஷ் அவரைச் சாப்பாட்டு மேசைக்கும் ஜன்னலுக்கும் தள்ளிக்கொண்டு போனான். குளியலறை வாசலில் நாற்காலி தானாகவே பிடியை விடும், வெளியே வந்ததும் மறுபடி வந்து ஏந்திக்கொள்ளும். அந்த அளவுக்கு இங்கிதம் தெரிந்த நாற்காலி. உட்கார்ந்த இடத்திலேயே போனில் இரண்டு மனை முடித்துக் கொடுத்தார். ராத்திரியில் கால் நீட்ட ஒரு ஸ்டூல் போட்டார்கள். கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதம் எழுதப்படவில்லை. எழுதச் சொல்ல வேண்டியவர் தன் பாட்டைப் பார்க்க வேண்டியதாயிற்று. ஆவணி மட்டும் நிற்காமல் நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் செய்தி திருமழிசை வரை பரவி, வீரராகவனைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆப்பிள் கொண்டுவந்தார்கள். எச்சரிக்கையாக நின்றுகொண்டே பார்த்தார்கள். ஒருவர், காலையில் நாலு ரவுண்டு நடந்தால் சரியாகிவிடும் என்றார். எப்படி நடப்பது என்று கேட்டதற்கு, அதெல்லாம் மனசு வைக்க வேண்டும் என்றார். இன்னொருவர், சும்மா உட்கார்ந்திருப்பதால்தான் இப்படி, ஏதாவது வேலையில் ஈடுபட்டால் நாற்காலி மறந்துபோகும் என்றார். ஒருவர் தாயத்து கட்டினார். ஒருவர் தன் மச்சினனுக்கு இதைவிட மோசமான நாற்காலி என்றும் அவன் சிரித்துக்கொண்டே இருக்கிறான் என்றும் சொன்னார். யாரோ எலுமிச்சம்பழத்தை அறுத்து ஐந்து சக்கரத்துக்கும் அடியில் வைத்தார்கள். அதில் வழுக்கி நாற்காலி ஃபிரிட்ஜில் போய் மோதியது. ஹேமநாதன் கடைசியாக வந்தார். பங்காளியை மேலும் கீழும் பார்த்தார். ஆறுதலாகத் தோளைத் தட்டினார்.

"அண்ணாத்தே, எழுந்துக்கணும்னு நீ நெனைக்கல. நெனைச்சா எழுந்துடலாம்."

"எழுந்துக்க முடிஞ்சா எழுந்துக்க மாட்டேனாடா? வேண்டிக்கினா உக்காந்துனு கீறேன்?"

ஹேமநாதன் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வீரராகவனின் தலைக்கு மேலாகச் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "யக்கா, ஒழுங்கா சாப்டறாரா? தூங்கறாரா? நம்மளையெல்லாம் அடையாளம் தெரியுதா?"

"டேய்!" என்ற சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "நான் இங்கதான்டா கீறேன்! குத்துக்கல்லாட்டம் உன் எதிர்ல கீறேன்! என்னாண்ட கேளுடா, பேமானி! அவளாண்ட இன்னாத்துக்குக் கேக்கற?"

அப்போது உள்ளறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சித்திரைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்காத சத்தம். முதலில் ஒரு கமறல் மாதிரி, பிறகு விக்கல் மாதிரி, பிறகு நிற்காத சிரிப்பு. பூங்காவனத்தம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தார். பங்குனியிலும் இப்படிச் சிரித்துத்தானே ஆரம்பித்தது என்று பயந்து நிலைப்படியிலேயே நின்றார். ஹேமநாதன் வாசலைப் பார்த்துக்கொண்டார். லோகேஷ் மட்டும், டாக்டர் சொல்லியிருந்தபடி, சுற்றி வளைக்காமல் அவளிடமே கேட்டான்.

"அக்கா, நைட்டு தூங்கினியா?"

காத்திருந்தார்கள். இதற்குள் வீட்டில் எல்லாருக்கும் காத்திருக்கப் பழகியிருந்தது.

"தூங்கினேன்டா. காலைல அம்மா எழுப்பித்தான் எழுந்தேன். இது அது இல்ல. இது சும்மா சிரிப்பு."

ஹேமநாதன் அவளிடம் சொல்லிக்கொண்டு, பதிலுக்கு நின்று, கிளம்பினார். அவர் போன பிறகு கிருஷ்ணப்பிரியா கட்டிலை விட்டு இறங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. வியர்த்துக் கிடந்த மாமன் பக்கம் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு, ஹேமநாதன் திருப்பி அனுப்பிய நீல நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். வீரராகவன் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். குக்கர் வைக்காத நேரம், ஆகவே எவ்வளவு நேரம் கழிந்தது என்று சொல்வதற்கில்லை.

"அவன் பேசறத கேட்டியா? மனசு வெச்சா எழுந்துடலாமாம்" என்றார்.

"எனக்கும் அப்டித்தான் மாமா. காலு நல்லாத்தான் இருக்கும். கட்டிலு உடாது."

மாமன் திரும்பிப் பார்த்தார். கம்பிளெய்ன்ட் சொல்கிற முகமாக அது இல்லை. தன் நாற்காலியைப் பற்றித் தெரிந்த இன்னொரு ஆளின் முகமாக இருந்தது. அவர் நாற்காலியைக் காலால் உந்தி, ஒரு முழம் அவள் பக்கம் உருட்டினார். பெண் பிறந்த நாளிலிருந்து அவளுக்கு வளையல், பாவாடை, சீர்வரிசை எல்லாம் செய்தவர், அவளிடம் கேட்காத ஒன்றை அன்றைக்குக் கேட்டார்.

"உனுக்கு இன்னாம்மா வோணும்?"

"வேலைக்குப் போணும் மாமா."

"அத நீ சொல்லவேயில்லியே!"

"சொல்லிக்கினுதான் கீறேன். ஆரம்பிச்சா நீங்க மனை வெலைக்குப் பூட்றீங்க."

வீரராகவன் மீசையை நீவப் போய்க் கையை இறக்கினார். பிறகு, மனை பேரம் பேசுகிறவர் கேட்கிற மாதிரி, ஒவ்வொன்றாகக் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தார். மறுபடி அந்த வேகம் வந்தால் என்ன செய்வாய்? வரலாம். வந்தால் முதலில் தூக்கம் குறையும், அப்புறம் ஆன்லைனில் எதையாவது வாங்கித் தள்ளுவேன். லோகேஷிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவன் என்னிடம் சொல்வான், நானே டாக்டரிடம் போவேன். மறுபடி கட்டில் பிடித்துக்கொண்டால்? அப்போதும் போவேன். அங்கே எவனாவது ஒரு மாதிரி பார்த்தால்? இதற்கு மட்டும் பதில் சீக்கிரம் வந்தது.

"ஒரு வாரமா ஊரே உங்கள ஒரு மாதிரி பாக்குது. செத்தா பூட்டீங்க?"

"வாய பாரு கழுதைக்கு" என்றார் மாமன். அவர் குரலில் வெகுநாளாக இல்லாத ஒரு நிம்மதி இருந்தது.

கடிதத்தை எழுத சத்தியராஜ் வந்தார். நின்றபடியே, ஃபிரிட்ஜின் மேல் தாளை வைத்து, நிர்வாகி அவர்கள் சமூகத்துக்குப் பணிவுடன் விண்ணப்பித்துக்கொள்வது என்று ஆரம்பித்து, கடுமையான டைபாய்டு காய்ச்சலின் காரணமாக என்பது வரை வந்தார். கிருஷ்ணப்பிரியா தாளை வாங்கி, மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்குக் கீழே முட்டுக் கொடுத்தாள். வேறு தாள் எடுத்துத் தானே எழுதினாள். எழுதி முடிக்க மூன்று காலைப்பொழுது ஆயிற்று. நடுவில் ஒரு நாள் கட்டில் விடவில்லை. அன்றைக்கு எழுதவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எழுதியது இது: எனக்கு இருப்பது பைபோலார். ஆவணி முதல் வாரத்திலிருந்து வேலைக்கு வர முடியும் என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்திருக்கிறார், அசல் இத்துடன் உள்ளது. ராத்திரி மாத்திரை போடுவதால் எனக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும் வேண்டும். பாகங்களை அளப்பதில் தவறு வராது, பேசுவதில் கொஞ்சம் தாமதம் வரும். என்னைப் பற்றி எது கேட்பதாக இருந்தாலும் என்னிடமே கேளுங்கள். என் தம்பிக்குப் போன் செய்ய வேண்டாம். இவ்வளவுதான் கடிதம். வீரராகவன் வாங்கிப் படித்துவிட்டு, கடைசி வரிக்குக் கீழே கோடு போடச் சொன்னார். அவள் போடவில்லை.

ஆடி முடிய நாலைந்து நாள் இருந்தது. அம்மாள் சோறு வடித்து முடித்திருந்தார். லோகேஷ் ஒரு கையில் ஹெல்மெட்டும் மறுகையில் பைக் சாவியுமாக, கடிதத்தைக் கொண்டுபோய்ப் போடத் தயாராக நின்றான். அப்போது வீரராகவன் தொண்டையைக் கனைத்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டார். சுற்றிலும் யார் யார் பார்க்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகு பார்த்தால் பார்க்கட்டும் என்பது போல நிமிர்ந்தார்.

"கிருஷ்ணப்பிரியா. நான் குத்தம்பாக்கம் போயிட்டு வரட்டுமாம்மா?"

ஒரு விசில் நேரம் போனது. இரண்டு விசில் நேரமும் போனது. நாற்காலிக்கும் பொறுமை போய் ஒரு தடவை கிறீச்சிட்டது. பூங்காவனத்தம்மாள் வாயைத் திறக்கப் போய், காத்திருந்து பழகிவிட்டதால் மூடிக்கொண்டார்.

"இருங்க மாமா. இன்னா அவசரம்? கவரு ஒட்டணும், பசை இல்ல."

அம்மாள் சட்டியிலிருந்து நாலு பருக்கைச் சோறு கொண்டுவந்தார். குத்தம்பாக்கத்தில் முப்பது ஏக்கர் பேசி முடித்த கை, உறையின் வாயில் பருக்கையை வைத்து நசுக்கி, ஓரம் முழுவதும் இழுத்துத் தடவி, மடித்து, வேட்டி முனையால் ஒற்றி எடுத்தது. அவள் உறையைக் கையில் வாங்கி, தன் வழக்கப்படி நான்கு மூலையும் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"போயிட்டு வாங்க மாமா. போற வழியில இத போஸ்ட்டு பண்ணிடுங்க."

வீரராகவன் எழுந்தார். சுழல் நாற்காலி அரைச்சுற்று சுற்றி நின்றது. அந்த நாற்காலிகள் இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கின்றன, இன்றைக்கும் அதே குணத்தோடுதான். தெருவில் யாரும் அவற்றை மாற்றச் சொல்லவில்லை. புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு, தண்ணீர் லாரி வரும் கிழமையைச் சொல்வதோடு சேர்த்து இதையும் சொல்லிவிடுகிறார்கள்: அந்த வீட்டில் உட்கார்ந்தால் அவளிடம் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள், பதில் வரும்வரை இருங்கள், நாரத்தங்காய் ஊறுகாய் நன்றாக இருக்கும்.

தபால் ஆபீஸில் அன்றைக்கு வரிசை நீளம். வீரராகவனுக்குக் கால் மரத்திருந்தது. பல நாள் உட்கார்ந்திருந்த கால். கவுன்டரில் இருந்த பெண் அவர் தடுமாறுவதைப் பார்த்து, சுவரோரம் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்கய்யா, நான் கூப்பிடறேன்."

வீரராகவன் நாற்காலியை ஒரு தடவை பார்த்தார். "வேணாம்மா, நின்னுக்கறேன்" என்றார். முறை வந்ததும் உறையைக் கொடுத்து, ஸ்பீடு போஸ்ட் என்றார். அனுப்புநர் யார், நீங்களா என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை, கிருஷ்ணப்பிரியா என்றார். அவள் எடை பார்த்து, பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டி, முத்திரை குத்தி, உறையைப் பின்னால் இருந்த பைக்குள் போட்டாள்.